2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த எண்ணை எப்படி வாசிப்பது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மொத்தம் பத்து இலக்கங்கள். கணக்குக்காரர்கள் இதைச் சுருக்கமாக 2³¹ − 1 என்று எழுதுவார்கள். அதாவது 2ஐ 31 முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் 1ஐக் கழிக்க வேண்டும். இந்தச் சுருக்க வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகிற எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன.

இந்த எண்ணை எங்கேயோ பார்த்த ஞாபகம் இருக்கிறதே?

நிரல் எழுதுகிறவராகவோ எக்செல், டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவராகவோ இருந்தால் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் இது அடிக்கடி தலைகாட்டும் இடம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் பட்டியலில் செல்பேசி எண் என்ற பத்தியைத் திறந்தால், பத்துப் பதினைந்து பேருக்கு வரிசையாக 2147483647 என்றே இருக்கும். பார்ப்பதற்கு அதுவும் பத்து இலக்கம் என்பதால் முதலில் யாருக்கும் சந்தேகம் வராது. யாரோ ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

உண்மையில் நடந்தது வேறு. அந்தப் பத்தியை மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் சாதாரண 'இன்ட்' (முழு எண்) வகையாக அமைத்திருப்பார்கள். அந்த வகை கொள்ளக்கூடிய உச்ச எண் 2147483647. இந்தியச் செல்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில்தான் தொடங்குகின்றன. ஆகவே அவற்றில் மிகச் சிறியதுகூட இந்த உச்சத்தைத் தாண்டியது. கண்டிப்பான முறையில் அமைக்கப்பட்ட டேட்டாபேஸ் பிழைச் செய்தி கொடுத்து நின்றுவிடும். கண்டிப்பு இல்லாத பழைய அமைப்பு, எச்சரிக்கையை மட்டும் பதிந்துவிட்டு உச்ச எண்ணை எழுதி வைத்துவிடும். வாடிக்கையாளரின் உண்மையான எண் அத்தோடு போயிற்று, திரும்பக் கிடைக்காது. தொலைபேசி எண்ணை எழுத்துத் தொடராகச் சேமியுங்கள் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவிலும் இதே தொல்லை உண்டு. அங்கே 214 என்பது டல்லாஸ் நகரின் பகுதிக் குறியீடு. அதனால் இந்த எண் அசல் தொலைபேசி எண் மாதிரியே தெரியும்.

கணினி ஏன் சரியாக இந்த இடத்தில் நிற்கிறது?

இரும எண் முறையில் 2147483647ஐ எழுதினால் 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு பூச்சியம்கூட இருக்காது. ஒரு பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் ஓர் இடம். 32 பிட் இடத்தில் முதல் பிட்டைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால் மீதி 31 பிட்கள். எல்லாவற்றிலும் 1 நிரம்பிவிட்டால் அதற்கு மேல் ஏற இடமில்லை. அதோடு இன்னும் ஒன்றைக் கூட்டினால் குறிக்கான பிட்டுக்குள் 1 போய் உட்கார்ந்துவிடும். எண் சட்டென்று −2147483648 ஆகிவிடும்.

2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைகள் இந்த எல்லையை எட்டிய செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றிக்கொண்டது.

2038இல் ஏதோ நடக்கும் என்கிறார்களே, அதுவும் இதே எண்தானா?

ஆமாம். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1, உலக நேரம் பூச்சியம் மணியிலிருந்து எத்தனை நொடிகள் கடந்தன என்று எண்ணித்தான் நேரத்தைக் கணிக்கின்றன. அந்த எண்ணிக்கை 2147483647ஐத் தொடுவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்று என்பதால் இரண்டு நாட்டிலும் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. நேரத்தை 32 பிட்டில் வைத்திருக்கும் கருவிக்கு அடுத்த நொடி 1901 டிசம்பர் ஆகிவிடும்.

இன்றைய கணினிகளும் செல்பேசிகளும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. 32 பிட் கருவிகளுக்காக லினக்ஸ் கருநிரலிலும் 2020இல் வந்த 5.6 பதிப்போடு முக்கியமான திருத்தங்கள் சேர்ந்துவிட்டன. கவலைப்பட வேண்டியது யாரும் புதுப்பிக்காமல் சுவரிலும் தொழிற்சாலையிலும் பதிந்து கிடக்கிற சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றித்தான்.

சரி, கணினியை விடுங்கள். கணக்கில் இதற்கு என்ன சிறப்பு?

இது ஒரு பகா எண். 1ஐயும் தன்னையும் தவிர வேறு எதுவும் இதை மீதியின்றி வகுக்காது.

இந்தச் செய்தி நிரல் எழுதுகிற பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பிழைச் செய்தியிலும் எல்லைக் கோட்டிலும் மட்டுமே பார்த்துப் பழகியதால் இதை ஒரு தடுப்புச் சுவராக மட்டும் நினைக்கிறோம். கணினிக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர்கள் இந்த எண்ணோடு மல்லுக்கட்டி, பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு அதன் இயல்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

2இன் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127, 8191, 131071, 524287, அதற்கு அடுத்து 2147483647. வரிசையில் எட்டாவது.

2இன் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் எப்போதும் பகா எண் வருமா?

வராது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் கண்டிப்பாக வராது. உதாரணமாக 2¹⁵ − 1ஐ 2³ − 1ம் வகுக்கும், 2⁵ − 1ம் வகுக்கும். 32767 = 7 × 31 × 151.

அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. 11 பகா எண். ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கு 23, 29 என்று போனாலும் இதே கதைதான். 31இல் மறுபடி பகா எண் கிடைக்கிறது. அப்புறம் 61 வரை ஒன்றும் இல்லை.

அப்படியானால் கணினியின் உச்ச எண் பகா எண்ணாக அமைந்தது தற்செயலா?

தற்செயல்தான். 32 பிட் என்று வைத்தது பொறியியல் வசதிக்காக. அதில் ஒன்று குறைந்தால் 31, அது பகா எண், அந்த அடுக்கும் நமக்கு ஒத்துழைக்கிறது. 8 பிட்டிலும் அப்படித்தான், உச்சம் 127 ஒரு பகா எண். 16 பிட்டில் வரும் 32767 பகு எண் என்று மேலே பார்த்தோம். 64 பிட்டில் வரும் 9223372036854775807உம் பகு எண். அதன் அடுக்கு 63 என்பதால் 7, 73, 127 எல்லாமே அதை வகுக்கும்.

இதைப் பகா எண் என்று முதலில் நிரூபித்தவர் யார்?

சுவிஸ் கணிதர் லெனார்டு ஆய்லர். ஒரு பெர்னூலி குடும்பத்துக் கணிதருக்கு அவர் எழுதிய கடிதம் பெர்லின் அகாதமியின் 1772ஆம் ஆண்டுத் தொகுப்பில் அச்சானது, அதில் இந்த முடிவு இருக்கிறது. அப்போது அவர் ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் இருந்தார். பார்வை கிட்டத்தட்ட முழுதாகப் போயிருந்த காலம் அது.

அதற்கு முன்பே இது பகா எண்ணாக இருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. இத்தாலியரான கத்தால்டி 1588 வாக்கில் அடுக்கு 17க்கும் 19க்கும் ஒழுங்காகச் சோதித்து முடித்தார். அத்தோடு நிற்காமல் 23, 29, 31, 37 நான்குக்கும் பகா எண்தான் வரும் என்றார். நான்கில் 31 மட்டுமே சரி. பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644இல் ஒரு பட்டியல் கொடுத்தார், 31 அதிலும் இருந்தது. அந்தப் பட்டியலிலும் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. சொன்னவர்கள் பலர், நிரூபித்தவர் ஆய்லர்.

கையால் எப்படி நிரூபிக்க முடியும்? எத்தனை வகுத்தல் போட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் நிதானமாக வாசிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

பள்ளியில் படித்த வழி, வர்க்கமூலம் வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது. 2147483647இன் வர்க்கமூலம் 46340க்கும் 46341க்கும் நடுவில் இருக்கிறது. அதற்குக் கீழே ஏறக்குறைய 4800 பகா எண்கள் உள்ளன. கையால் செய்ய நினைத்தாலே மலைப்பாக இருக்கும். ஆய்லர் போட்டிக்கு வரக்கூடிய எண்களையே வடிகட்டினார். இரண்டு சல்லடைகள்.

முதல் சல்லடை. ஒரு பகா எண் 2³¹ − 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுருக்கமாக 'ப' என்போம். பெர்மாவின் சிறு தேற்றப்படி 2இன் அடுக்கு (ப − 1) போட்டு 1ஐக் கழித்தால், அதையும் 'ப' வகுக்கும். இரண்டு அடுக்குகளிலும் வகுபட்டால், அவ்விரண்டு அடுக்குகளின் மீப்பெரு பொதுக் காரணியை அடுக்காகப் போட்டாலும் வகுபட வேண்டும். 31 பகா எண் என்பதால் அந்தப் பொதுக் காரணி 1 அல்லது 31. அது 1 என்றால் 'ப' 2¹ − 1ஐ, அதாவது 1ஐ, வகுக்க வேண்டும். அது நடக்காது. ஆகவே அது 31தான். (ப − 1) என்பது 31இன் மடங்கு. 'ப' ஒற்றைப்படை என்பதால் (ப − 1) இரட்டைப்படை. எனவே 62இன் மடங்கு. 'ப'வை 62ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீர வேண்டும்.

இரண்டாவது சல்லடை. 2³¹ஐ 'ப'வால் வகுத்தால் மீதி 1. அப்படியென்றால் 2³²க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம். ஒரு வர்க்க எண் மீதி 2 தருகிறது என்றால், அந்தப் பகா எண்ணை 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7தான் மீதி வரும். இது எண் கோட்பாட்டில் நன்கு நிறுவப்பட்ட விதி.

இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. 46340 வரை இப்படி 373 எண்கள்தான். அவற்றிலும் பல பார்த்தவுடனே பகு எண் என்று தெரியும்.

தொடக்கத்தில் மட்டும் செய்து பார்ப்போம். 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489. இந்தப் பன்னிரண்டில் பகா எண்கள் மூன்றுதான்: 311, 1303, 1489. மற்றவை 3, 5, 7, 13, 17 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றால் வகுபட்டுவிடும்.

2147483647ஐ 311ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35.
1303ஆல் வகுத்தால் ஈவு 1648107, மீதி 226.
1489ஆல் வகுத்தால் ஈவு 1442232, மீதி 199.

மூன்றே வகுத்தலில் 1489 வரை முடித்துவிட்டோம். இப்படியே 46340 வரை போனால் ஒன்றுகூடச் சரியாக வகுக்காது, எண் பகா எண் என்று தீர்மானம். பொறுமையுள்ள ஒருவர் சில நாள் மாலை உட்கார்ந்தால் முடிக்கக்கூடிய வேலை.

இன்னும் குறுக்கு வழி ஏதாவது உண்டா?

உண்டு. அதற்கு லூக்கா–லேமர் சோதனை என்று பெயர். 4இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்த பிறகு மீதி பூச்சியம் வந்தால் பகா எண், இல்லாவிட்டால் பகு எண்.

127க்குச் செய்து காட்டுகிறேன். அடுக்கு 7, ஆகவே ஐந்து முறை. 4 → 14 → 194, மீதி 67 → 4487, மீதி 42 → 1762, மீதி 111 → 12319, மீதி 0. ஏனென்றால் 127 × 97 = 12319. முடிந்தது.

2147483647க்கு 29 முறை செய்தால் போதும். நிரலாக எழுதினால் ஐந்தாறு வரிகள். ஆனால் ஒரு எச்சரிக்கை: இடையில் வரும் வர்க்கங்கள் 32 பிட்டில் அடங்காது, 64 பிட் வகையைப் பயன்படுத்துங்கள்.

இன்றும் மாபெரும் பகா எண்களைத் தேடும்போது இந்தச் சோதனைதான் உறுதி செய்யப் பயன்படுகிறது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது அடுக்கு 136279841 கொண்ட மெர்சென் பகா எண். அதற்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். இதுவரை தெரிந்த மெர்சென் பகா எண்கள் மொத்தம் 52.

நிறைவெண்ணோடு இதற்கு என்ன தொடர்பு?

தன்னைத் தவிர்த்த வகுத்திகளையெல்லாம் கூட்டினால் தன்னையே தருகிற எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணுக்கும் ஒரு நிறைவெண் உண்டு என்பது யூக்ளிட் காலத்துக் கண்டுபிடிப்பு. நம் எண்ணை 2³⁰ஆல் பெருக்கினால் கிடைப்பது 2305843008139952128. பத்தொன்பது இலக்க நிறைவெண். 1 முதல் 2147483647 வரை எல்லா எண்களையும் கூட்டினாலும் இதே விடைதான் வரும்.

1811இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ, இதற்கு மேல் ஒரு நிறைவெண் கண்டுபிடிக்கப்படாது என்று எழுதினார். இவற்றால் பயன் ஒன்றும் இல்லை, வெறும் ஆர்வத்துக்காக யார் இந்தப் பாடு படப்போகிறார்கள் என்பது அவர் எண்ணம். 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா அடுக்கு 127ஐயும், 1883இல் பெர்வுஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் அடுக்கு 61ஐயும் நிரூபித்தார்கள். ஆர்வத்துக்காகத்தான் செய்தார்கள். மனிதனின் ஆர்வத்தைப் பார்லோ குறைத்து எடைபோட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

இதை வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

நான்கு வர்க்கங்கள் தேவை, அதற்குக் குறைவாக முடியாது. 8ஆல் வகுத்தால் மீதி 7 வருகிற எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத இயலாது. 2147483647க்கு மீதி 7தான். நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்று 1770இல் லக்ராஞ்சு நிரூபித்துவிட்டார். இதோ ஒரு வழி:

46339² + 425² + 10² + 1² = 2147302921 + 180625 + 100 + 1 = 2147483647.

46340இல் தொடங்கினால் சிக்கிக்கொள்வீர்கள். அதன் வர்க்கத்தைக் கழித்தால் மிஞ்சும் 88047உம் 8ஆல் வகுக்கும்போது மீதி 7 தரும் எண், மூன்று வர்க்கங்களில் அடங்காது. அதனால்தான் ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது.

பகா எண்ணாக இருப்பதால் நடைமுறையில் பயன் ஏதும் உண்டா?

நிறைய. கணினி 'தற்போக்கு எண்' தருகிறது என்கிறோமே, அதற்கான பழைய, எளிய முறை ஒன்று இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. 1இல் தொடங்குங்கள். 16807ஆல் பெருக்குங்கள். 2147483647ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியையே மறுபடி பெருக்குங்கள். 16807, 282475249, 1622650073 என்று வரிசை ஒழுங்கின்றித் துள்ளிக்கொண்டு போகும். 1988இல் பார்க், மில்லர் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். இன்றும் சி பிளஸ் பிளஸ் மொழியின் நூலகத்தில் இது இருக்கிறது. பத்தாயிரமாவது எண் 1043618065 வந்தால் நிரல் சரி என்று சோதித்துக்கொள்ளலாம்.

பகா எண் என்பதால் வரிசை பூச்சியத்தில் போய் விழவே விழாது. 16807 என்பது 7⁵. அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், 1 முதல் 2147483646 வரை உள்ள ஒவ்வோர் எண்ணையும் சரியாக ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் வரிசை மறுபடி 1க்குத் திரும்பும். ஒன்றுகூட விட்டுப்போகாது. கடவுச்சொல், வங்கி வேலை போன்றவற்றுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு எண் தெரிந்தால் அடுத்ததை யாரும் சொல்லிவிடலாம்.

பக்கத்தில் இருக்கும் பகா எண்கள் எவை?

முன்னால் 2147483629, பின்னால் 2147483659. நம் எண்ணோடு 2ஐக் கூட்டினால் வரும் 2147483649ஐ 3 வகுத்துவிடும். ஈவு 715827883. அது ஒரு பகா எண்.

2147483647ஐயே அடுக்காகப் போட்டால்?

31 ஒரு மெர்சென் பகா எண். அதை அடுக்காகப் போட்டுத்தான் நம் எண் வந்தது. ஆகவே நம் எண்ணையும் அடுக்காகப் போட்டு 1ஐக் கழித்தால் இன்னொரு பகா எண் வராதா என்று ஆசை எழுவது இயல்பு. அது 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண். எழுதிப் பார்க்கக்கூட முடியாது. ஆனாலும் அது பகு எண் என்று தெரியும். 295257526626031 அதை வகுக்கும் என்று 1983இல் கண்டுபிடித்தார்கள். அந்த வகுத்தியை உற்றுப் பாருங்கள்: 2147483647 × 137490 + 1. ஆய்லரின் முதல் சல்லடை இங்கேயும் அப்படியே வேலை செய்கிறது.

பள்ளி மாணவர்கள் வீட்டில் செய்து பார்க்க ஏதாவது?

கத்தால்டி சறுக்கிய மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கு எதுவோ அதன் இரட்டிப்பின் மடங்குகளோடு 1ஐக் கூட்டிக்கொண்டே போங்கள். அவற்றில் 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வருகிற பகா எண்களால் மட்டும் வகுத்துப் பாருங்கள். 2²³ − 1 = 8388607க்கு முதல் எண்ணான 47இலேயே விடை வந்துவிடும். 2²⁹ − 1 = 536870911க்கு 59இல் தொடங்கி வடிகட்டினால் 233 கிடைக்கும். 2³⁷ − 1 = 137438953471க்கு 75, 149, 223 என்று வரும். இவற்றில் எது வகுக்கிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள், ஈவு 616318177 வர வேண்டும்.